பழைய புல்லட்டின் எண்ணெய்க் கசிவு

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று இரவு முழுதும் நின்ற இடத்தை விடியற்காலையில் சென்று பாருங்கள். வண்டியை எடுத்துச் சென்ற பின்னரும், அது நின்ற இடம் இன்னதென்று தரையே சொல்லும். சிமிட்டித் தரையில் ஒரு ரூபாய்க் காசு அளவில் கரும்புள்ளி ஒன்று கிடக்கும். வீட்டார் முகம் சுளிப்பார்கள். வண்டிக்கு உரியவரோ, "புல்லட் என்றால் சொட்டத்தான் செய்யும், சொட்டாவிட்டால்தான் கவலை, எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள்" என்று சொல்லிச் சிரிப்பார். இந்தச் சிரிப்பு நம் நாட்டில் பிறந்ததன்று. இங்கிலாந்து மக்கள் ராயல் என்ஃபீல்டு என்னும் பெயரையே சற்றுத் திரித்து, 'ராயல் ஆயில்ஃபீல்டு', அதாவது அரச எண்ணெய்வயல், என்று நெடுங்காலம் கேலி செய்து வந்தார்கள்.

சிரிப்பதில் குற்றமில்லை. ஆனால் சிரித்துவிட்டு அத்துடன் நின்றுவிடுவதில்தான் அபாயம் இருக்கிறது. தரையில் சொட்டும் அதே எண்ணெய்தான், எஞ்சினுக்குள்ளே உலோகமும் உலோகமும் நேராக உராயாமல் காக்கிறது. அது பின்சக்கரத்து டயரில் படிந்தால் வளைவில் வண்டி சறுக்கும். உள்ளே உரிய இடத்துக்குச் சேராமற் போனால், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகிச் சக்கரம் நின்றுவிடும். ஆகவே அந்தக் கரும்புள்ளி என்ன சொல்கிறது என்று படித்தறிய வேண்டும். படிப்பதற்கு முன், அது எங்கிருந்து வந்தது என்னும் வரலாற்றைச் சிறிது அறிவது நலம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள்களுக்கு எண்ணெய்க் கசிவு ஒரு நோயே அன்று. அதுவே அவற்றின் இயல்பான முறை. ஓட்டுபவர் சில மைல்களுக்கு ஒரு முறை கைப்பம்பை அழுத்தி எஞ்சினுக்குள் சிறிது எண்ணெய் செலுத்துவார். அவ்வெண்ணெய் தன் வேலையைச் செய்துவிட்டு, ஒரு பகுதி எரிந்து புகையாகும். மறுபகுதி சாலையில் சிந்தும். திரும்பி வருதல் என்பது கிடையாது. ஏற்றத்தில் கூடுதலாக ஓர் அழுத்து, சமதரையில் குறைவாக ஓர் அழுத்து என்று ஓட்டுபவரின் காதும் கையும்தான் எஞ்சினைக் காத்தன. மறந்தவர்கள் வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

இம்முறையை முதலில் மாற்ற முயன்றவர்களுள் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் இருந்தனர் என்பது வேடிக்கையான செய்தி. ஊசித் தொழிலுக்குப் பெயர் பெற்ற அவ்வூரில், என்ஃபீல்டு என்னுமிடத்து அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்ததனால் அப்பெயரைப் பெற்ற நிறுவனம் அது. 1901-ஆம் ஆண்டில் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், எண்ணெயைப் பம்பினால் உள்ளே செலுத்தி, மீண்டும் பம்பினாலேயே கலத்துக்குத் திருப்பும் ஏற்பாட்டை ஓர் இரட்டைச் சிலிண்டர் வண்டியில் அமைத்தது. எண்ணெய்க் கலம் கண்ணாடியால் ஆனது. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டே அறியலாம். பிற்காலத்தில் எண்ணெய் வீணாவதற்கே பெயரெடுத்த ஒரு நிறுவனம், எண்ணெயை வீணாக்காத வழியை முன்னதாகவே கண்டது.

இனி, புல்லட்டுக்கு வருவோம். அப்பெயரை நிறுவனம் 1932-இல் முதன்முதல் சூட்டியது. நாம் அறிந்த புல்லட், பின்சக்கரத்துக்கு வில்சுருள் தாங்கலுடன் 1940-களின் இறுதியில் தோன்றியது. ஒரே சிலிண்டர், குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். இதில் எண்ணெய்க்கெனத் தனிக் கலம் கிடையாது. கிராங்குத் தண்டு சுழலும் அலுமினியக் கூட்டின் ஓர் அறையே எண்ணெய்க் கலம். ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர் கொள்ளும். இரண்டு சிறிய பம்புகள்: ஒன்று எண்ணெயை ஊட்டும், மற்றொன்று, வேலை முடித்துக் கூட்டின் அடியில் சேர்ந்த எண்ணெயை எடுத்துக் கலத்துக்குத் திருப்பும். திருப்பும் பம்பு ஊட்டும் பம்பைவிட வலியது. ஆதலால் கிராங்கு சுழலும் அறையில் எண்ணெய் தேங்குவதில்லை.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டில் கசிவு எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை பெரும்பாலும் எண்ணெயில் இல்லை, காற்றில் இருக்கிறது. பிஸ்டன் மேலே செல்லும்போது அதன் கீழே உள்ள அறை பெரிதாகிறது. கீழே வரும்போது அவ்வறை 346 கன சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றினால், விநாடிக்கு ஐம்பது முறை உள்ளிருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அக்காற்று வெளியேற ஒரு மூச்சுக்குழாய் வேண்டும். வெளியேறியது மீண்டும் உள்ளே புகாதபடி தடுக்க ஒரு வால்வும் வேண்டும். இந்த மூச்சு சீராக நடக்குமானால் உள்ளே காற்றழுத்தம் குறைவாகவே இருக்கும். எண்ணெயும் வெளியேற முயலாது. மூச்சு அடைபட்டாலோ, காற்று எந்த இணைப்பு வலுவற்றதோ அந்த இணைப்பைத் தேடி, எண்ணெயையும் தன்னோடு சுமந்துகொண்டு வெளியேறும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரு பிஸ்டன்கள் இறங்கும்போது இரண்டு ஏறுவதால் உள்ளிருக்கும் காற்று இடம் மாறுகிறதே அன்றி அவ்வளவாக நெருக்கப்படுவதில்லை. ஒற்றைச் சிலிண்டருக்கு அந்த வசதி இல்லை. எட்வர்டு டர்னர் வரைந்து 1937-இல் வெளிவந்த புகழ்பெற்ற டிரயம்ஃப் ஸ்பீடு டுவின் வண்டியில் இரண்டு பிஸ்டன்களும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கின. ஆகவே அங்கும் இதே தொல்லை.

மற்றொரு காரணம் கூட்டின் அமைப்பு. அக்கால ஆங்கில எஞ்சின்களின் கூடு, இடப்பாதி வலப்பாதி என்று மேலிருந்து கீழாகப் பிளந்து, பின் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. தேங்காயை உடைத்து மீண்டும் பொருத்தி நிறுத்தியதுபோல் எண்ணிப் பாருங்கள். இணைப்புக் கோடு அடிவயிற்றின் வழியே செல்கிறது. எண்ணெயோ எப்போதும் அடியில்தான் தங்கும். இரு பாதிகளும் மயிரிழையும் பிசகாமல் சமமாகச் செதுக்கப்பட்டால்தான் அந்தக் கோடு நீர்மத்தைத் தாங்கும். புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. கூடும் ஹெட்டும் அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். ஒவ்வொரு முறை ஓடிச் சூடாகி ஆறும்போதும் அவ்விணைப்புகள் சற்றே நகர்ந்து நகர்ந்து, நடுவிலிருக்கும் கேஸ்கட்டு நைந்துபோகும்.

ஆங்கிலத் தொழிலதிபர்கள் இவற்றை அறியாதவர்கள் அல்லர். ஆனால் வாங்குவோர் பொறுத்துக்கொண்டார்கள். விற்போரும் பொறுத்துக்கொள்ளச் செய்தார்கள். பொறுத்துக்கொள்ளாதவர் ஒருவர் கடல் கடந்த நாட்டில் இருந்தார். ஜப்பானியராகிய சோய்ச்சிரோ ஹோண்டாவின் நிறுவனம் 1959-இல் மான் தீவுப் பந்தயத்தில் முதன்முறை கலந்துகொண்டது. 1961-இல் 125, 250 கன சென்டிமீட்டர் வகுப்புகள் இரண்டிலும் வென்றது. அவர்களுடைய சாலை வண்டிகளில் எஞ்சின் கூட்டை மேல்பாதி, கீழ்பாதி என்று கிடைமட்டமாகப் பிளந்தார்கள். கீழ்பாதி ஒரு கிண்ணம் ஆகிவிட்டது. இணைப்புக் கோடு மேலே ஏறிவிட்டது. 1969-இல் விற்பனைக்கு வந்த நான்கு சிலிண்டர் சிபி 750 வண்டியின் கூடும் அவ்வாறே பிளந்தது. ஆங்கில வண்டியை வாங்கியவர் தரையைத் துடைத்துக்கொண்டிருக்க, இதை வாங்கியவர் துடைக்கத் துணியே தேடவில்லை. ஆங்கில மோட்டார் சைக்கிள் தொழிலின் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் எண்ணெயின் தலையில் சுமத்துவது முறையன்று. எனினும் "இது இப்படித்தான்" என்னும் மனப்பான்மை அவற்றுள் சிறியதன்று என்பது என் கருத்து. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே முடிவுற்றது.

புல்லட் மட்டும் முடிவுறவில்லை. அதற்குக் காரணம் சென்னை. இந்தியப் படையினருக்கும் போலீஸாருக்கும் உறுதியான வண்டி தேவைப்பட்டபோது, 1950-களில் 350 புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. மறு ஆண்டு திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டினார்கள். பிறகு படிப்படியாக எல்லா உறுப்புகளையும் இங்கேயே செய்தார்கள். தாயகத்தில் மறைந்துபோன எஞ்சின் வங்கக் கடற்கரையில் தொடர்ந்து பிறந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று. நல்லதும் அல்லதுமாக அதன் குணங்களும் உடன் தொடர்ந்தன. ஆதலால் 1958-ஆம் ஆண்டு வண்டிக்குச் சொல்லும் வைத்தியம் 1988-ஆம் ஆண்டு வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். இத்தகைய நிலை உலகில் வேறு எஞ்சின்களுக்கு எளிதில் வாய்ப்பதன்று.

அந்த வைத்தியத்தின் முதற்படி, வைத்தியம் செய்யாமல் இருப்பது. கசிவைக் கண்டவுடன் ஸ்பேனரை எடுத்து எட்டிய நட்டையெல்லாம் இறுக்குவது பெரும்பாலோர் வழக்கம். புல்லட்டின் இடப்பக்கத்துச் செயின் உறையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அவ்வளவு பெரிய மூடியையும் நடுவில் உள்ள ஒரே நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் எண்ணெயைத் தடுக்கிறது. கசிகிறதே என்று அந்த நட்டை இறுக்கினால் மூடியின் நடுப்பகுதி உள்ளே குழியும், ஓரம் விலகும், கசிவு அதிகமாகும். மேலும் இறுக்கினால் மேலும் கசியும். எத்தனையோ மூடிகள் இவ்வாறு வளைந்துபோயின.

பட்டறையில் தேர்ந்தவர் வேறு விதமாகச் செய்வார். முதலில் எஞ்சினை மண்ணெண்ணெய் கொண்டு நன்றாகக் கழுவித் துடைப்பார். உலர்ந்த பிறகு, முகத்துக்குப் பூசும் பவுடரை அதன்மேல் மெல்லத் தூவுவார். வேடிக்கை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஐந்து கல் தொலைவு ஓட்டித் திரும்பியதும், வெண்மையின் மேல் எண்ணெய் தன் பாதையைத் தானே எழுதிக் காட்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். எதிர்க்காற்று அதனைப் பின்நோக்கித் தள்ளும். ஆகவே நனைந்த பகுதிகளுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அதுவே ஊற்று. அடியில் சொட்டும் இடம் ஊற்றன்று. சிலிண்டரின் அடியில் உள்ள டேப்பட்டு மூடியிலிருந்து வழியும் எண்ணெய், கூட்டின் இணைப்புக் கோட்டின் வழியே இறங்கி அடியில் சொட்டும்போது, "கூடே பிளந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று சொல்லிவிடுவோரும் உண்டு. ஒரு காகிதக் கேஸ்கட்டில் முடியும் வேலைக்கு எஞ்சினையே பிரிப்பதா?

ஊற்றைக் கண்ட பின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எண்ணெய் இங்கே ஏன் தள்ளப்படுகிறது? ஓரிடத்தில் மட்டும் கசிந்தால் அவ்விடத்துக் கேஸ்கட்டைக் குறை சொல்லலாம். மூன்று நான்கு இடங்களில் ஒரே காலத்தில் கசியத் தொடங்கினால் குற்றவாளி மூச்சுக்குழாய். அதன் ரப்பர் வால்வு சூட்டில் கட்டியாகிப் பிளவுபட்டிருக்கும். அல்லது குழாய் மடிந்திருக்கும். சில நேரங்களில் மூச்சுக்குழாய் நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் வாயில் கை வைத்தால் இடைவிடாத சூடான காற்று வீசும். அப்போது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று கொள்ள வேண்டும். அதற்குப் பசை தடவிப் பயனில்லை.

நெடுநாள் நின்ற வண்டியில் வரும் ஒரு மயக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பம்பின் தேய்ந்த பரப்புகளின் இடுக்கு வழியே கலத்தின் எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து கிராங்கு அறையில் இறங்கிவிடும். மூன்று வாரம் கழித்து அளவுகோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைந்திருக்கும். உரியவர் பதறி ஒரு லிட்டர் ஊற்றுவார். எஞ்சினை உதைத்து எழுப்பியவுடன் சைலன்சரிலிருந்து தெருவை மறைக்கும் நீலப்புகை எழும். திருப்பும் பம்பு கீழே கிடந்த எண்ணெயைக் கலத்துக்கு ஏற்றும். கலம் நிரம்பி வழியும். எண்ணெய் ஒழுகுகிறது என்று அவர் பட்டறைக்கு ஓடுவார். உண்மையில் ஒன்றும் உடையவில்லை, ஊற்றியதுதான் வழிகிறது. சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும். நெடுநாள் நின்றிருந்தால், கூட்டின் அடியில் உள்ள திருகாணியைக் கழற்றி, இறங்கிய எண்ணெயை வடித்துவிட்டு எழுப்புவது இன்னும் நன்று.

புகையும் பேசும். எழுப்பியவுடன் புகைந்து சிறிது நேரத்தில் தெளிந்தால் இப்போது சொன்ன காரணம். இறக்கத்தில் திராட்டிலை மூடி வந்து மீண்டும் முறுக்கும்போது மட்டும் புகைந்தால், வால்வுகள் ஏறி இறங்கும் வழிகாட்டிக் குழல்கள் தேய்ந்திருக்கலாம். எப்போதும் புகைந்தால் வளையங்கள். கரும்புகை எண்ணெய்ப் புகையன்று. பெட்ரோல் மிகுதியாக எரிவதன் அடையாளம்.

எண்ணெய்க் கசிவுக்கும் வண்டி திக்கித் திணறி ஓடுவதற்கும் தொடர்பில்லை என்று நினைப்பது இயல்பு. புல்லட்டில் தொடர்பு உண்டு. தீப்பொறியைக் காலம் அறிந்து எழுப்பும் பாயிண்டு, வலப்பக்கத்து மூடியின்மேல் ஒரு சிறு கூட்டில் அமர்ந்திருக்கிறது. அதைச் சுழற்றும் தண்டின் வழியே எண்ணெய் ஏறிப் பாயிண்டின் முனைகளில் படிந்தால் தீப்பொறி தளரும், எஞ்சின் தடுமாறும். இதை அறியாதவர் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை மாற்றுவார். அடுத்த நாளும் வண்டி தடுமாறும். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். அதன் முனை எண்ணெயில் நனைந்து பளபளத்தால் வளையத்தையோ வால்வுக் குழலையோ ஐயுறலாம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது கார்புரேட்டர் ஹெட்டுடன் சேரும் இடத்தில் காற்று புகுகிறது. பாயிண்டுகளின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு அளவில் இருந்து, முனைகள் உலர்ந்து தூய்மையாக இருந்தால், புல்லட்டின் தடுமாற்றத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இதுவரை கண்ணுக்குத் தெரியும் கசிவைப் பற்றிப் பேசினோம். தரையில் ஒரு சொட்டும் விழாத கசிவு ஒன்று உண்டு. அதுதான் எஞ்சினைக் கொல்வது. ஊட்டும் பம்பு தரும் எண்ணெய், வலப்பக்கத்து மூடியிலிருந்து சுழலும் கிராங்குத் தண்டின் முனைக்குள் புக வேண்டும். நிற்கும் மூடியையும் சுழலும் தண்டையும் இணைக்குமிடத்தில் சுண்டுவிரல் நுனியினும் சிறிய ஓர் அடைப்பு வளையம் இருக்கிறது. பழைய வண்டிகளில் அது தக்கையால் ஆனது. வெளிக்கசிவை நிறுத்துவதற்காக அந்த மூடியைக் கழற்றிப் புதுக் கேஸ்கட்டு வைத்து மாட்டுபவர், நைந்துபோன இச்சிறு வளையத்தை மாற்ற மறந்துவிட்டால், எண்ணெய் கிராங்குக்குள் செல்லாமல் மூடிக்குள்ளேயே வழிந்துவிடும். திருப்பும் பம்பு அதையும் எடுத்துக் கலத்தில் சேர்க்கும். கலம் நிறைந்திருக்கும், தரை தூய்மையாக இருக்கும், உரியவர் மகிழ்ந்திருப்பார். பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டின் அடிமுனை மட்டும், பட்டறைகளில் 'பிக் எண்டு' என்பார்களே, எண்ணெயின்றி வெந்துகொண்டிருக்கும். அங்கே புல்லட்டில் இருப்பது உருளைகள் அல்ல, வழவழப்பான ஒரு குழல் தாங்கி. எண்ணெய்ப் படலம் அறுந்தால் அதற்கு வேறு துணை இல்லை. கசிவை மறைக்கத் தாராளமாகப் பூசிய பசை உள்பக்கம் பிதுங்கி, உலர்ந்து, துணுக்காகி, எண்ணெய் வழியை அடைத்தாலும் இதே முடிவுதான்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. புல்லட்டில் ஹெட்டின் மேலுள்ள ராக்கர்களுக்கு எண்ணெய் தருவது திருப்பும் பம்பு. எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே செல்லும் குழாயின் திருகாணியைச் சற்றே தளர்த்தினால் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வந்தால் சுற்றோட்டம் நடக்கிறது என்று அறியலாம். ஆனால் மூடிக்குள் வழிந்த எண்ணெயும் இவ்வழியே வரக்கூடும் ஆதலால், மூடியைக் கழற்றியபோதெல்லாம் அச்சிறு வளையத்தை மாற்றிவிடுவதற்கு இந்தச் சோதனை ஈடாகாது.

1994-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் ஐஷர் குழுமத்துடன் இணைந்து ராயல் என்ஃபீல்டு என்னும் பெயரை மீண்டும் ஏற்றது. 2008-ஆம் ஆண்டையொட்டி எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எஞ்சின் வரத் தொடங்கியது. சில ஆண்டுகளில் இரும்புச் சிலிண்டர் எஞ்சின் உற்பத்தி நின்றது. பழைய ஓசை போயிற்று என்று வருந்தியவர்கள் பலர். தரை காய்ந்தது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

இரும்புச் சிலிண்டர் வண்டிகளை வைத்திருப்போர் சிலர், இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, முன்பக்கம் எது என்று பென்சிலால் குறித்து வைக்கிறார்கள். காலையில் தாளைப் பார்த்தால் இடப்பக்கத்துப் புள்ளி செயின் உறையையும், வலப்பக்கத்துப் புள்ளி பம்பு மூடியையும், பின்பக்கத்துப் புள்ளி கியர் பெட்டியையும் காட்டும். நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் ஒப்பிட்டு, இடப்பக்கத்துப் புள்ளி மட்டும் வளர்ந்திருக்கக் கண்டால், அவர்கள் அந்த ஒற்றை நட்டை இறுக்குவதில்லை. கழற்றி, ரப்பர் வளையத்தைப் பார்க்கிறார்கள்.